விசிறியின் இடது ஓரம்

அகலமாக வீடியோ எடுக்கக் கைக்கடக்கமான டிஜிட்டல் கேமரா நல்லதா, தலையில் மாட்டுகிற ஆக்‌ஷன் கேமரா நல்லதா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். கேட்டவர் கையில் இருக்கிற போனே இரண்டு வேலையையும் செய்துவிடும். ஆனால் 2009-இல் அந்தக் கேள்விக்கு நானே பதில் கண்டுபிடித்தேன். யாரிடமும் கேட்கவில்லை, எதிலும் படிக்கவில்லை. சிவகாசிப் பக்கம் ஒரு கரிசல் பொட்டலில் கருவேலங்குச்சிகளை நட்டு, காலடியால் அளந்து கண்டுபிடித்தேன். பெருமைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். அதே கம்பெனியின் ஷெட்டில் அம்மா வேலை பார்த்தாள். ஆமத்தூரிலிருந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் போவோம். நான் ரோட்டோரத்து ஆபீஸ் வாசலில் இறங்கிக்கொள்வேன். அம்மா உள்ளே கேட் வரைக்கும் போவாள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். அம்மாதான் முதலில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தொழிற்சாலைக்குப் போனாள், பிறகு பட்டாசுக்கு வந்தாள், என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அம்மா அப்படியில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் குரலே கேட்காது.

அந்த வருடம் எங்கள் ஃபோர்மேனுக்குப் புதிதாக ஒரு ஐட்டம் செய்ய ஆசை வந்தது. ஒரு பெட்டிக்குள் ஒன்பது பைப். ஒரே திரி. பற்றவைத்தால் ஒன்பதும் ஒரே நேரத்தில் கிளம்பி, நடுவில் ஒன்று நேராகவும் மற்றவை இரண்டு பக்கமும் படிப்படியாகச் சாய்ந்தும் போய், வானத்தில் விசிறி மாதிரி விரிய வேண்டும். சொல்வது சுலபம். பைப்பைச் சாய்த்து ஒட்டினால் பசை காய்வதற்குள் அது வழுக்கிப் படுத்துவிடும். மரத்துண்டு முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள், பெட்டி கனத்துப்போனது. களிமண் வைத்தார்கள், காய்ந்ததும் விரிசல்விட்டது. ஃபோர்மேன் வெறுத்துப்போய் விட்டுவிடலாம் என்றிருந்தபோது அம்மா ஒரு வேலை செய்தாள்.

எங்கள் பக்கம் பிரஸ்ஸில் காலண்டர் அட்டை வெட்டினால் ஓரத்தில் நீள நீளமாகத் துண்டு விழும். திருத்தங்கல் பிரஸ்ஸிலிருந்து அந்தத் துண்டுகளைத்தான் பேக்கிங்குக்கு வாங்கி வைத்திருப்பார்கள். அம்மா அவற்றை முக்கோணமாக மடித்து, ஒவ்வொரு பைப்புக்கும் ஒவ்வொரு சாய்மானத்தில் அடியில் கொடுத்து ஒட்டினாள். மறுநாள் காலையில் ஒன்பதும் ஆடாமல் அசையாமல் நின்றன. ஃபோர்மேன் நல்ல மனுஷர். நான்தான் செய்தேன் என்று மார்தட்டியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் நேராக முதலாளியிடம் போய் இன்னார் செய்தது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஷெட்டில் அதற்கு ‘ஒங்கம்மா விசிறி’ என்றே பேர். அதற்கு லேபிள் போட்டதும் நான்தான். அந்த ஒரு லேபிளுக்கு மட்டும் பதினோரு டிசைன் போட்டேன்.

ஆனால் ஐட்டம் செய்துவிட்டால் போதாது. ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் ஊரில் கம்பெனிக்குக் கம்பெனி பூஜை போட்டு சீசன் ஆர்டரை ஆரம்பிப்பார்கள். வடநாட்டு டீலர்கள் காலையில் வந்து, பூஜையில் இருந்து, சாப்பிட்டுவிட்டு, மதியமே அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பட்டப்பகலில் வாணவேடிக்கை காட்ட முடியாது. அதனால் எல்லா ஐட்டத்தையும் முன்கூட்டியே வீடியோ எடுத்து, ஹாலில் திரை கட்டிப் போட்டுக் காட்டுவோம். ஒரு ஐட்டத்துக்குப் பன்னிரண்டு வினாடி. அந்தப் பன்னிரண்டு வினாடியைப் பார்த்துத்தான் அவர்கள் லிஸ்டில் டிக் போடுவார்கள். டிக் விழாத ஐட்டம் அந்த வருடத்தோடு சரி.

முந்தைய வருடம் வீடியோ எடுத்தவர் விருதுநகரில் கல்யாண வீடியோ எடுப்பவர். ராக்கெட் மேலே போய் வெடித்ததும் அதை இதய வடிவத்துக்குள் அடக்கி, சுற்றிலும் ரோஜாப்பூ கொட்டவிட்டிருந்தார். டீலர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த வருடம் ஆனி மாதம் முழுக்க முகூர்த்தம் என்று அவரே வரவில்லை. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, “நான் எடுக்கேன் மொதலாளி” என்று சொல்லிவிட்டேன். லேபிள் சாம்பிளைப் படம் எடுத்து அனுப்ப ஆபீசில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தது. அதில் வீடியோவும் வரும்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எடும்மா. மத்ததெல்லாம் எப்பிடி இருந்தாலும் பரவால்ல. அந்த விசிறி மட்டும் பூராவும் தெரியணும். அஞ்சு கை, ஆறு கைன்னு தெரிஞ்சா அதுக்குப் பேரு விசிறியா? அப்பிடின்னா இந்த வருசம் லிஸ்ட்ல போட மாட்டேன். பேர் கெட்டுப்போகும்” என்றார்.

அம்மாவிடம் அன்று சாயங்காலம் பஸ்ஸில் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “போடாட்டிப் போறாக” என்றாள். பஸ் ஆமத்தூர் வருவதற்குள் மூன்று தடவை, “கேமரால அம்புட்டும் தெரியுமாத்தா?” என்று கேட்டுவிட்டாள்.

தெரியாது என்பது முதல் நாளே தெரிந்துபோனது. டெஸ்டிங் பார்க்கிற பொட்டலில் பெட்டி வைக்கிற இடத்துக்கு எதிரே இருபத்தைந்து காலடி தள்ளி நின்று பார்த்தேன். கேமராவின் குட்டித் திரையில் எவ்வளவு அகலம் விழுகிறது என்று பார்க்க, கருவேலங்குச்சிகளில் சிவப்புக் காகிதம் கட்டி வரிசையாக நட்டேன். இடமும் வலமுமாக இருபது காலடி அகலத்துக்குமேல் ஒரு குச்சிகூடத் தெரியவில்லை. விசிறி விரிகிற அகலம் அதைப்போல இரண்டு பங்கு என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார். பின்னால் தள்ளிப் போகலாமே என்பீர்கள். பின்னால் கம்பெனி மதில் சுவர், பெட்டியை எதிர்ப்பக்கம் தள்ளினால் ரோடு. அந்தச் சுவருக்கு உள்ளே பேட்டரி போட்ட எந்தச் சாமானையும் கொண்டுபோகக் கூடாது. செல்போனைக்கூட கேட்டில் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முதலாளியே அப்படித்தான் போவார்.

இந்த நேரத்தில்தான் முதலாளியின் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினார். ஆபீசில் எல்லோரும் அவரைச் சின்னவர் என்போம். அங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தலைக்கவசத்தில் மாட்டிக்கொள்கிற கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டு தீப்பெட்டியை ஒட்டி வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அளவு. கண்ணால் பார்ப்பதைவிட அகலமாகப் பிடிக்கும் என்றார். நான் நம்பவில்லை. அவர் அதைப் பொட்டலில் வைத்து எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். நான் நட்ட குச்சிகள் அத்தனையும் விழுந்திருந்தன. மதில் சுவரின் மூலை, ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த ஆடு எல்லாம் விழுந்திருந்தன. என் முகத்தில் ஈயாடவில்லை.

“பாத்தீங்களா? உங்க கேமராவ மூட்டை கட்டி வைங்க” என்றார் சின்னவர்.

“இதுல திரையே இல்லையே சார். என்ன விழுதுன்னு எப்பிடிப் பாக்குறது?” என்றேன்.

“பாக்கவே வேண்டாம். எல்லாம் விழும்.”

அந்த அலட்சியத்தைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேமரா தோற்க வேண்டும் என்று அப்போது மனதார ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் அம்மாவின் விசிறியை மறந்துவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விசிறியில் சாம்பிளாகச் செய்தது மூன்றே பெட்டி. ஆடிப் பதினெட்டுக்குள் நாலாவது செய்ய மருந்து காய நேரமில்லை. முதல் பெட்டியை வைத்த அன்று இரண்டு கேமராவையும் ஒரே நேரத்தில் ஓட்டுவது என்று முடிவானது. நான் ஸ்டாண்டில் என் கேமராவோடு மதிலோரம் நின்றேன். சின்னவருக்கு ஒரு யோசனை. தன் கேமராவைப் பற்றவைக்கிறவர் தலையிலேயே கட்டிவிட்டால், பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி படம் வரும், எந்தக் கம்பெனியிலும் அப்படி ஒரு படம் இருக்காது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பற்றவைக்கிறவர் ஒரு அண்ணாச்சி. முப்பது வருடமாக டெஸ்டிங் மட்டுமே பார்ப்பவர். தலையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, “என்ன தாயி, தீவாளி மாப்பிள்ள மாதிரி இருக்கேனா?” என்று என்னிடம் கேட்டார். நன்றாக இருட்டியதும் நீளக் குச்சியில் கட்டிய ஊதுபத்தியால் திரியைத் தொட்டார். விசிறி கிளம்பியது. எனக்கு நேரே ஒன்பது பொன்னிறக் கோடுகள் விரிந்து நுனியில் பூத்தன. கேமராவை மறந்து ஒரு வினாடி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். என் கேமராவில் நிறம் அச்சு அசலாக இருந்தது. பொன் பொன்னாகவே, பச்சை பச்சையாகவே. ஆனால் நடுவில் ஐந்து கை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கை வெளியே போய்விட்டன. முதலாளி எதைச் சொல்லி பயமுறுத்தினாரோ அதுவேதான். சரி, சின்னவரின் படத்தைப் போட்டோம். அண்ணாச்சியின் கை தெரிந்தது, ஊதுபத்தி தெரிந்தது, திரியில் பொறி தெரிந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கரிசல் மண்ணும், மாறி மாறி அவருடைய இரண்டு வெறுங்காலும். மண் மட்டும் பொன்னாகவும் பச்சையாகவும் மாறி மாறி மின்னியது. பின்னால் வானமே பற்றியெரிகிறது, இந்த மனிதர் தலை திரும்பவே இல்லை.

சின்னவர், “என்ன அண்ணாச்சி, மேல பாக்கவே இல்லையே?” என்றார்.

அண்ணாச்சிக்குக் கேள்வியே விளங்கவில்லை. “பத்தவச்சா திரும்பிப் பாக்கக் கூடாதுல்லா தம்பி? முதுகக் காட்டி பதினஞ்சு எட்டு நடக்கணும். அப்பிடித்தான் பளக்கம். முப்பது வருசத்துல ஒரு தடவகூட நான் திரும்பிப் பாத்ததில்ல. அதான் ரெண்டு கண்ணும் முளுசா இருக்கு” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு பெருமை. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அதை முன்பே யோசிக்காதது என் தப்பு. நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். சின்னவருக்காவது சிங்கப்பூர் என்று ஒரு சாக்கு இருந்தது.

எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை. “தெரிஞ்சுச்சா?” என்று அம்மா கேட்டாள். “அஞ்சு கை” என்றேன். அவள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, “மீதி நாலு எங்கன போச்சு?” என்றாள். அவளுக்குக் கேமராவின் அகலம் பற்றி எதுவும் தெரியாது. தான் ஒட்டியதில் நாலு பைப் படுத்துவிட்டதோ என்று பயந்திருக்கிறாள். அப்படி இல்லை என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள். அப்போதுதான் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. ஷெட் ஐந்தரைக்கு மூடிவிடும், ஆறேகாலுக்கு பஸ் கிளம்பிவிடும். டெஸ்டிங் நடப்பது இருட்டிய பிறகு. தான் செய்த விசிறி எப்படி விரியும் என்று அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஐந்து கையையும் அவளுக்கு நான்தான் கையை விரித்துக் காட்டினேன்.

இரண்டாவது பெட்டிக்கு சின்னவரின் கேமராவைத் தலையிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் வைத்தோம். மதிலோரம், நல்ல இருட்டு. ஒன்பது கையும் விழுந்தன. விழுந்து என்ன பிரயோஜனம்? சிலேட்டில் ஆணியால் கீறிய மாதிரி ஒன்பது மங்கல் கோடு. பொன் சாம்பலாகி, பச்சையும் சாம்பலாகி, கறுப்பு வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மொய்த்தது. என் கேமராவில் நிறம் இருந்தது, அகலம் இல்லை. அவர் கேமராவில் அகலம் இருந்தது, நிறம் இல்லை. முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு, “ரெண்டும் சரியில்ல. இன்னும் ஒரு பெட்டிதான் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு பெட்டிக்காக நான் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. நேரம் கிடைத்தபோதெல்லாம் இரண்டு கேமராவையும் எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போவேன். காலையில், உச்சியில், பொழுது சாய்கிற நேரத்தில் என்று ஒரே ஐட்டத்தை மாற்றி மாற்றி எடுப்பேன். விசிறிதான் மூன்று பெட்டி. மத்தாப்பூ, புஸ்வாணம் எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்து இரண்டு விஷயம் பிடிபட்டது. சின்னவரின் கேமராவுக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும். வானம் கருநீலமாக இருக்கும்போது எடுத்தால் புள்ளி மொய்ப்பதில்லை, பொறியின் நிறமும் நிற்கிறது. இரண்டாவது, அது கிட்டத்தில் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் எல்லாவற்றையும் சின்னதாக்கிவிடும். ஆள் நிற்கக் கூடாத அளவு கிட்டத்தில் வைத்தால்தான் அதன் அகலத்துக்கு அர்த்தம் இருக்கிறது. என் கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும். அதற்கு வேண்டாம். பொத்தானை அமுக்கிவிட்டு வந்துவிடலாம். திரை இல்லை என்று எதை நான் குறையாகச் சொன்னேனோ, அதுதான் அங்கே வசதி.

இதைச் சின்னவரிடம் போய்ச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. “சார், உங்க கேமராதான். ஆனா நான் சொல்ற எடத்துல, நான் சொல்ற நேரத்துல” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. நான் தயார் செய்து வைத்திருந்த சண்டையெல்லாம் வீணாகப் போனது.

ஃபோர்மேன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “இருட்டாம எப்பிடிம்மா பத்தவைக்கிறது? வெளிச்சத்துல வாணம் விட்டா வெளங்குமா?” என்றார். பட்டாசுக்காரர்களுக்கு இருட்டுதான் கணக்கு. கண்ணுக்கு இருட்டு வேண்டும், இந்தக் கேமராவுக்கு வேண்டாம் என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு புஸ்வாணத்தை அந்திப்பொழுதில் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. பார்த்துவிட்டு, “சரி, ஒம்பாடு” என்றார்.

கடைசிப் பெட்டி. சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தீயணைக்க வைத்திருக்கிற வாளியிலிருந்து மணலை ஒரு பையில் கொட்டி, அதில் கேமராவை அழுத்திப் பதித்து, பெட்டிக்கு எட்டுக் காலடியில் மண்ணோடு மண்ணாக வைத்தேன். பொத்தானை அமுக்கினேன், பீப் என்றது. மதிலோரம் வந்து நின்றுகொண்டேன். அண்ணாச்சி பற்றவைத்தார், திரும்பினார், பதினைந்து காலடி நடந்தார். என் கையில் எதுவும் இல்லை, பார்க்கத் திரையும் இல்லை. விசிறி விரிந்தது. இது கேமராவில் விழுந்ததோ இல்லையோ. விரிந்ததை நான் முழுசாகப் பார்க்கக்கூட இல்லை, மணல் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடவிட்டபோது ஃபோர்மேன், சின்னவர், அண்ணாச்சி எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். கருநீல வானத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அண்ணாச்சி வாய்விட்டு எண்ணினார். ஒன்பது. பொன் பொன்னாக இருந்தது. நுனியில் பச்சை பச்சையாக இருந்தது. நான் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

“இது யாரு?” என்றார் சின்னவர்.

இடது பக்கக் கீழ் மூலையில் ரோட்டில் எங்கள் கம்பெனி பஸ் நின்றிருந்தது. அதன் முன்னால் அரிசி அரிசியாகப் பத்துப் பதினைந்து பெண்கள். விசிறி விரிந்த கணத்தில் அவர்கள் மேல் வெளிச்சம் பட்டு, எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கை இடுப்பில், மறு கையில் தூக்குவாளி. அந்த நிற்கிற தோரணையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். வேலை விட்டுப் போகிற வழியில் டிரைவரை நிறுத்தச் சொல்லி, பஸ்ஸை விட்டு இறங்கி, ஆறேகாலிலிருந்து காத்து நின்றிருக்கிறார்கள். “எங்கம்மா” என்றேன்.

வீட்டுக்குப் போய், “பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சாம்மா?” என்று சும்மா கேட்டேன். “வந்துச்சு, வந்துச்சு” என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோது சின்னவர் வந்தார். அந்தப் பெண்களை எடுத்துவிடலாம், டீலருக்குக் காட்டுகிற படத்தில் பஸ்ஸும் ஆளும் எதற்கு என்றார். இடப்பக்கம் வெட்டிப் பார்த்தேன், விசிறியின் முதல் கை போனது. கீழே வெட்டிப் பார்த்தேன், ஒன்பதும் ஒன்றாகக் கிளம்புகிற பிடி போனது. “ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு எடுத்துட்டு ஏழு கையா வச்சுக்கலாமே” என்றார். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். “ஒம்போது பைப் ஒட்டினவகள வெட்டிட்டு ஏழு கை காட்டப்போறீகளா சார்? அப்ப வேற ஆள வச்சு வெட்டிக்கோங்க” என்றேன். வேலை போயிருந்தாலும் போயிருக்கும்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். படத்தை மூன்று தடவை ஓடவிடச் சொன்னார். ஓரத்துக் கைகள் எல்லாம் வில் மாதிரி வளைந்திருக்கிறதே என்று கேட்டார். அகல லென்ஸ் அப்படித்தான் ஓரத்தை வளைக்கும் மொதலாளி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வளைந்திருக்கிறது, பார்க்க அழகாகத்தானே இருக்கிறது என்றேன். பெண்கள் நிற்கிற மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இருக்கட்டும்” என்றார்.

ஆடிப் பதினெட்டு. ஹாலில் இருபது இருபத்தைந்து டீலர்கள். நான் கம்ப்யூட்டரோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஐட்டமாக ஓடியது, பேனாக்கள் அசைந்தன. விசிறி வந்ததும் பேனாக்கள் நின்றன. முடிந்ததும் இன்னொரு தடவை என்றார்கள். போட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான டீலர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், இடது மூலையில் விரலை வைத்து இந்தியில் ஏதோ கேட்டார். திரையில் அவர்கள் விரல் உயரத்துக்கு நன்றாகவே தெரிந்தார்கள். யார் இவர்கள் என்று கேட்டிருப்பார் போல. முதலாளி தனக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கம்மா எங்கன இருக்காக? கூப்பிடு” என்றார்.

அம்மா பூஜை நடந்த பந்தலில் சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன். ஹாலுக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். மூன்றாம் தடவையாக நான் படத்தை ஓடவிட்டு, விசிறி முழுசாக விரிந்த இடத்தில் நிறுத்தினேன். எல்லோரும் திரையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார்கள். வெட்கப்பட்டு ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் திரையில் தன்னைப் பார்த்தாளா என்றே தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். பிறகு, அத்தனை பேர் முன்னால், எனக்கே கேட்காத அந்தக் குரலில் இல்லாமல் ஷெட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்: “இடது பக்கம் ரெண்டாவது பைப்பு கொஞ்சம் உள்ள சாஞ்சிருக்கு.”

எனக்கு ஒரே பதற்றம். ஆர்டர் போடுகிற நேரத்தில் இப்படியா? “இல்லம்மா, அது கேமரா. இந்தக் கேமரா ஓரத்துல எல்லாத்தையும் வளைச்சுக் காட்டும்” என்று அவசரமாகச் சொன்னேன்.

“கேமரா வளைச்சா ரெண்டு பக்கமும்லத்தா வளைக்கும்? வலது பக்கம் ரெண்டாவதப் பாரு, எடவெளி சரியா இருக்கு. இது எங்கையில வந்த தப்பு. அட்டைய ஒரு மடிப்பு கூடுதலா மடிச்சிருக்கேன்” என்றாள்.

நான் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மூன்று வாரம் அந்தக் கேமராவோடு மல்லுக்கட்டியவள் நான். நூறு தடவை பார்த்த படம் அது. எனக்குத் தெரியவில்லை. சின்னவருக்கும் தெரியவில்லை. திரைப்பக்கம் நின்ற டீலர், அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி சொல்லத் தயங்கி அம்மாவைப் பார்த்தார்.

“அடுத்த லோடுல சரியா வந்துரும்னு சொல்லுங்க மொதலாளி” என்றாள் அம்மா.

முதலாளி ஒன்றையும் மறைக்காமல் அப்படியே சொன்னார். டீலர் மறுபடி திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே நாற்காலிக்குப் போய் லிஸ்டை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு டிக் போட்டார். எத்தனை பேர் போட்டார்கள் என்று எண்ண எனக்குக் கண் தெளிவாக இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பிப் போன அம்மாவைப் பார்த்து முதலாளி ஃபோர்மேனிடம் சொன்னார்: “அடுத்த லோடுன்னு அவகளே சொல்லிட்டாகல்ல, திருத்தங்கல் பிரஸ்ஸுல அட்டைக்குச் சொல்லிவிடுங்க.”